டெஸ்ட் எல்லாம் நார்மல், உடம்பு மட்டும் படுத்துகிறது: லோகோ பைலட் கணவர் பற்றி ஒரு கேள்வி

தண்டவாளத்து வீடு

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் லோகோ பைலட். ஜோலார்பேட்டை பக்கம் குடியிருக்கிறோம். பல வருஷம் கூட்ஸ் ஓட்டிவிட்டு மெயில் எக்ஸ்பிரஸுக்கு வந்தவர். வயது 44. பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது.

போன வருஷம் தை மாதம் மொரப்பூர் தாண்டி ஒரு ரன் ஓவர். லைனைக் கடந்துகொண்டிருந்த பையன், காதில் இயர்போன். இவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லையாம். எமர்ஜென்சி போட்டும் வண்டி கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நின்றது. அப்புறம் அடுத்த ஸ்டேஷனில் மெமோ எழுதிக் கொடுத்துவிட்டு சேலம் வரைக்கும் இவரே ஓட்டிக்கொண்டு போனார். டிரைவர் வீட்டில் இதெல்லாம் கேள்விப்படாத விஷயமில்லை. இவருக்கே முன்னாலும் நடந்திருக்கிறது. வந்து குளிப்பார், ஒரு நாள் பேசாமல் இருப்பார், சரியாகிவிடும். இந்தத் தடவை மட்டும் ஒன்று சொன்னார்: "கடைசியில திரும்பிப் பார்த்துட்டான்." அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முதலில் நெஞ்சை அடைப்பதாகச் சொன்னார். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல். பிறகு வயிறு. டூட்டிக்கு கால் வந்த நிமிஷத்திலிருந்து பாத்ரூமுக்கும் ஹாலுக்குமாக நடக்கிறார். பல இன்ஜின்களில் கழிப்பறை கிடையாது என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அதனால் வெறும் வயிற்றில், ஒரு வரக்காப்பியோடு கிளம்பிவிடுகிறார். எண்டோஸ்கோப்பி பார்த்து லேசான கேஸ்ட்ரைடிஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். பிபி 150/100க்கு ஏறி, அதற்கும் ஒரு மாத்திரை. போன மாதம் கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டது. பல் டாக்டர் வாயைத் திறந்து பார்த்ததும் கேட்டார், "ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்களா? எல்லாப் பல்லும் மேல தேஞ்சு தட்டையா இருக்கே." எனக்குத் தெரியும், கடிக்கிறார். அது மட்டுமில்லை, தூக்கத்தில் வலது கை போர்வையைச் சுருட்டிப் பிடித்துத் திருப்பும். பிரேக் பிடியைத் திருப்புகிற மாதிரியே இருக்கும். எழுப்பினால் சட்டை முழுக்க வேர்வை.

கடைசியாகப் பார்த்த டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல, டென்ஷனைக் குறைங்க" என்றார். வெளியே வந்து இவர் என்னிடம், "அப்ப நான் என்ன நடிக்கிறேனா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் கேட்பது இதுதான். அந்தச் சம்பவம் இத்தனை மாதம் கழித்தும் இப்படி உடம்பில் வேலை செய்யுமா? செய்யும் என்றால் எந்த டாக்டரிடம் போவது? மனநல டாக்டரிடம் போனதாகத் தெரிந்தால் இன்ஜினை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறார், அது உண்மையா? கூட வேலை செய்கிறவர் கொடுத்த தூக்க மாத்திரையை ரெஸ்ட் நாளில் அரை அரையாகப் போட்டுக்கொள்கிறார். அது பரவாயில்லையா?

---

பாசிட்டிவ் பாலு

சகோதரி, எல்லாம் மனசுதான் காரணம். நடந்ததை மறந்துவிட்டு தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். காலையில் பிராணாயாமம், மாலையில் கோவில். நெகட்டிவான பேச்சே வீட்டில் வேண்டாம். ஒரு மாதத்தில் பழைய மனுஷனாக ஆகிவிடுவார்.

---

ஓய்வு லோகோ, ஈரோடு

பாலு தம்பி நல்ல மனசோடு சொல்கிறார், கோபிக்கவில்லை. ஆனால் "மறந்துடு" என்று சொல்லிச் சொல்லித்தான் என் கழுத்து பலகையாகப் போனது. அதனால் நான் கொஞ்சம் எழுதியாக வேண்டும்.

தங்கச்சி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன். எத்தனை ரன் ஓவர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். முக்கால்வாசி மனசில் நிற்காது. ஒன்றிரண்டு நிற்கும். எது நிற்கும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தப் பையன் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஊத்துக்குளி தாண்டி ஒன்று. வயசான அம்மா, தலையில் புல்லுக்கட்டு. இதற்கு மேல் அந்தப் பகுதியை எழுத வேண்டியதில்லை.

எங்கள் ஆட்களுக்கு என்று ஒரு முறை உண்டு. வீட்டுக்குள் நுழையும் முன் பின்பக்கமாகப் போய்த் தலைக்குக் குளிப்பது. மறுநாள் முனியப்பனுக்குத் தேங்காய் உடைப்பது. அடுத்த டிரிப் எடுக்கும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். இதையெல்லாம் நான் கேலி பேச மாட்டேன். செத்துப்போன ஜீவனுக்கு ஏதோ ஒன்று செய்தோம் என்று ஆகிறது, கூட நாலு பேர் நிற்கிறார்கள். பல தடவை எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஊத்துக்குளிக்குப் போதவில்லை.

எனக்கு வந்தது கழுத்தும் தோளும். தலையைத் திருப்ப முடியாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. கழுத்துப் பட்டை போட்டார்கள், டிராக்‌ஷன் வைத்தார்கள். வர்ம வைத்தியரிடம் எண்ணெய் போட்டுப் பிடித்துவிட்டால் இரண்டு நாள் சுகமாக இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி. அதோடு இன்னொன்று, இதை எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. தயிர் சாதத்தைப் பார்த்தாலே குமட்டும். வாய் வரைக்கும் வந்துவிடும். வீட்டில் அல்சர் என்று நினைத்து, அரிசிக் கஞ்சியும் மணத்தக்காளிக் கீரையுமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு எலும்பு டாக்டர்தான், நல்ல மனுஷன், "டிரைவர் வேலைன்னா ஆக்சிடென்ட் பாத்திருப்பீங்களே" என்று கேட்டார். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். அவர் கோயம்புத்தூரில் ஒரு மனநல டாக்டரிடம் எழுதிக் கொடுத்தார். அங்கே கூட இருந்த சைக்காலஜிஸ்ட் அம்மாதான் சிகிச்சை பார்த்தது. நான் என்னவோ யோகா, அறிவுரை என்று நினைத்துப் போனேன். அவர் செய்தது வேறு. கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்கு லாபியில் சைன் ஆன் பண்ணி டூட்டியில் சேர்ந்ததிலிருந்து டூட்டி முடிந்து இறங்கியது வரைக்கும், இப்போது நடக்கிற மாதிரியே சொல்லச் சொன்னார். செல்போனில் பதிவு பண்ணி, தினமும் வீட்டில் அதையே கேட்கச் சொன்னார். முதல் இரண்டு வாரம் நரகம். தூக்கம் இன்னும் கெட்டது. விட்டுவிடலாம் என்று இருந்தேன். "ஆரம்பத்தில் கூடும், அப்புறம்தான் இறங்கும்" என்று அவர் முன்னாடியே சொல்லி வைத்திருந்ததால்தான் தொடர்ந்து போனேன்.

ஒரு நாள் சொல்லிக்கொண்டு வரும்போது அவர் நிறுத்தினார். "இந்த இடத்தில ஒவ்வொரு தடவையும் தாவிடறீங்க. மெமோ கொடுத்ததுக்கும் திருப்பூருக்கும் நடுவுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். நடந்தது என்னவென்றால், சிக்னலுக்காக நின்றோம். எனக்குப் பயங்கரப் பசி. டிபன் கேரியரைத் திறந்து தயிர் சாதம் சாப்பிட்டேன். இறங்கிப் போய் டார்ச் அடித்துப் பார்த்த அதே கையைக் கழுவிக்கொண்டு, வழித்துச் சாப்பிட்டேன். ஒரு உசுரு போன அரைமணி நேரத்தில் எப்படி எனக்குச் சோறு இறங்கியது? இதை என் சம்சாரத்திடம்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மா, அவ்வளவு பெரிய பதற்றம் இறங்கும்போது உடம்புக்குப் பசிப்பது சாதாரணம், அது இரக்கமில்லாத தனம் இல்லை என்றார். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வருஷக்கணக்காக நான் எனக்கே கொடுத்துக்கொண்டிருந்த தண்டனை அங்கேதான் இருந்தது.

கழுத்து உடனே சரியாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். பிசியோதெரபி கூடவே நடந்தது, சூட்டு ஒத்தடம், பயிற்சி எல்லாம். இதற்கு முன்னாலும் அதே பயிற்சியைத்தான் செய்தேன், பிடிக்கவில்லை. இந்தத் தடவை பிடித்தது. இரண்டையும் ஒன்றாகச் செய்ததால்தான் என்பது என் கட்சி.

தூக்க மாத்திரை விஷயத்தைச் சட்டென்று நிறுத்தச் சொல்லவும் எனக்குத் தகுதியில்லை, தொடரச் சொல்லவும் இல்லை. டாக்டர்கள் யாராவது சொல்லுங்கள். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மறுநாள் ஹேண்டிலைப் பிடிக்கக் கூடாது, அது அவருக்கே தெரியும்.

---

அரசு மனநலப் பிரிவு டாக்டர்

ஈரோடு ஐயா எழுதியதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியது குறைவுதான். நான் மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை செய்கிறேன். நேரில் பார்க்காமல் நோய்ப் பெயர் வைக்க மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

"நடிக்கிறேனா" என்று கேட்டாரே, அதற்கு முதலில் பதில். இல்லை. வேர்க்கும் உடம்பு நிஜமாக வேர்க்கிறது, ஏறின பிபி நிஜமான பிபி, விரிசல் விட்ட பல் நிஜமாக விரிசல் விட்டிருக்கிறது. டெஸ்ட் நார்மல் என்றால் அந்த உறுப்பில் அடைப்போ புண்ணோ தென்படவில்லை என்று அர்த்தம். அது நல்ல செய்திதான். ஆனால் அந்த உறுப்பை விரட்டிக்கொண்டிருக்கும் நரம்பு மண்டலம் ஓய்வாக இருக்கிறதா என்று எக்கோவில் தெரியாது.

ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமாகிறது, ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, தாடை, கழுத்து, தோள் தசைகள் இறுகுகின்றன, செரிமானத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது, பெருங்குடல் அவசரப்படுகிறது. உங்கள் கணவரின் தொந்தரவுகளை இந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாமே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு நாள் போகப் போக இது அடங்கிவிடும். சிலருக்கு அடங்குவதில்லை. தீப்பிடித்த வீட்டில் அடித்த அலாரம், தீ அணைந்த பிறகும் ஊதுவத்தி ஏற்றினால்கூட அடிக்கிற மாதிரி ஆகிவிடும். டூட்டிக்கு வரும் போன் கால்தான் அவருக்கு ஊதுவத்தி. இப்படி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, கெட்ட கனவு, அதை நினைவுபடுத்துகிறதைத் தவிர்ப்பது, திடுக்கிடுவது எல்லாம் சேர்ந்தால் பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தொடரும் மன அழுத்த நோய், இருக்கிறதா என்று பார்ப்போம். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் புரிதல் வலுத்தது.

எல்லா இடத்திலும் "மன அழுத்தத்தில் கார்டிசால் ஹார்மோன் ஏறிவிடும்" என்று ஒரே வரியை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் பல ஆய்வுகளில் கார்டிசால் குறைவாகவே வந்திருக்கிறது. அதனால் யாராவது கார்டிசால் டெஸ்ட் எடுத்துப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

ஏன் இதைச் சும்மா விடக் கூடாது என்பதற்கு ஒரு ஆய்வு. அமெரிக்காவில் வியட்நாம் காலத்தில் ராணுவத்தில் இருந்த இரட்டையர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். மொத்தம் 562 பேர். தொடக்கத்தில் யாருக்கும் இதய நோய் இல்லை. சுமார் 13 வருஷம் கழித்துப் பார்த்தால் பி.டி.எஸ்.டி. இருந்தவர்களில் 22.6 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய், இல்லாதவர்களில் 8.9 சதவீதம். ஒரே வயிற்றில் பிறந்து ஒன்றாக வளர்ந்தவர்களை எதிரெதிரே வைத்துப் பார்த்தபோதும், புகை, குடி போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் நின்றது. உங்கள் கணவரைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 44 வயதில், இதயம் சுத்தமாக இருக்கும்போதே வந்திருக்கிறீர்கள், இதுதான் சரியான நேரம்.

சிகிச்சைக்கு வருகிறேன். அந்தச் சம்பவத்தை நேரடியாகக் கையாளும் பேச்சு சிகிச்சைதான் முதலில். ஐயாவுக்குச் செய்தது அதில் ஒரு வகை, வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள் வரை போகும். கண் அசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர். இன்னொரு வகை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சம்பவத்தை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் இ.எம்.டி.ஆரும் இரண்டுமே இருக்கின்றன. மாத்திரை தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு, பதற்ற மாத்திரைகள் தருவோம். பழக்கமாகாது, ஆனால் வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் என் ஓ.பி.யில் நிறையப் பேர்.

நண்பர் கொடுத்த மாத்திரை அல்பிரசோலம் வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன், அட்டையைப் பாருங்கள். அந்த வகை இந்தப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. பழக்கமாகும், மறுநாளும் மந்தம் இருக்கும். அவர் வேலைக்கு அது ஆகவே ஆகாது. எப்போதாவது அரை என்றால் டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடலாம். தினமும் போட்டுக்கொண்டிருந்தால் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அதே சமயம் எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டிவிடவும் கூடாது. பிபி மாத்திரை தொடரட்டும். தைராய்டு, மூன்று மாத சர்க்கரை அளவு, பி12 பார்த்துவிடுங்கள். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறதா என்று கவனியுங்கள், ராத்திரி வேர்ப்பதற்கும் பிபிக்கும் அதுவும் காரணமாக இருக்கலாம். நெஞ்சு வலி புதுசாக, நடந்தால் கூடுவதாக, கை, தாடைக்குப் பரவுவதாக வந்தால் "அதே டென்ஷன்தான்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல் தேயாமல் இருக்க இரவில் வாயில் மாட்டிக்கொள்ளும் உறை (நைட் கார்டு) வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வரக்காப்பி வேண்டாம், அது குடலையும் படபடப்பையும் சேர்த்தே கிளப்பும். டூட்டிக்கு மூன்று மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும்.

மூச்சுப் பயிற்சி நல்லதுதான் பாலு சார், நானும் சொல்லிக் கொடுக்கிறேன். மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விட்டால் இதயத் துடிப்பு இறங்கும். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே ஜெபம், உடம்பைத் தளரவிடும் சாந்தியாசனம், எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல் போன்ற நம் பழக்கங்களைச் சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்தினார். அங்கே வந்தவர்களும் பெருமூச்சு, நெஞ்சு நோவு, உடம்பு உளைவு என்று உடம்பைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் "மறந்துவிடு" என்பது அந்த முறைகளில் எதிலும் இல்லை.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு, அங்கே வரலாம். முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரிலிருந்து ஓடுகிறது, காசு கிடையாது, தமிழில் பேசலாம், எந்த நேரமும். "வாழ்ந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரிப் பேச்சு எப்போதாவது வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துக்கொண்டு வாருங்கள்.

---

ரூல்ஸ் ராஜா

வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் ரயில்வே அலுவலகப் பக்கம் ரிட்டயர் ஆனவன்.

லோகோ பைலட்டுக்கு ஏ-1 என்ற மருத்துவத் தகுதி வேண்டும், அதற்குத்தான் பி.எம்.இ. என்ற குறித்த கால மருத்துவப் பரிசோதனை. மயக்கம் தரும் மாத்திரை சாப்பிடுகிற காலத்தில் வண்டி ஓட்டக் கூடாது, அந்த நாட்களுக்குச் சிக் லீவில் இருக்க வேண்டும். இதில் ஒளிவு மறைவு வேண்டாம், பின்னால் 1,200 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். குணமாகி டாக்டர் ஃபிட் கொடுத்தால் திரும்ப ஏறலாம். சிகிச்சைக்குப் போனாலே நிரந்தரமாக இறக்கிவிடுவார்கள் என்பது ரன்னிங் ரூமில், அதாவது டிரைவர்கள் தங்கும் அறையில், கிளம்பும் வெறும் பேச்சு.

சரி, மோசமாகவே போய் டீகேட்டகரைஸ் ஆகி, அதாவது ஓட்டும் மருத்துவத் தகுதியை இழந்தாலும், வேலை போகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4): பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டால் அரசு அவரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. மாற்று வேலை கொடுக்க வேண்டும். கிலோமீட்டர் அலவன்ஸ் போகும், அது கையைக் கடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் மறைத்து மறைத்து ஓட்டி ஒரு சிவப்பு சிக்னலைத் தாண்டிவிட்டால் அதன் கதையே வேறு.

---

தண்டவாளத்து வீடு

எல்லோருக்கும் நன்றி. எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை.

அவரிடம் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். ரெஸ்டில் இருந்தபோது போனைக் கொடுத்து, "படிச்சா படிங்க" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன். முதலில் "என்னைப் பத்தி ஊருக்கே எழுதிட்டியா" என்று கத்தினார். பேர் இல்லை, வண்டி நம்பர் இல்லை என்று காட்டினேன். அப்புறம் ரொம்ப நேரம் சத்தமில்லை. சாயங்காலம் வந்து, "அந்த ஈரோட்டுக்காரர் இப்ப தயிர் சோறு சாப்பிடறாரான்னு கேளு" என்றார். கேட்டுவிட்டேன் அண்ணா, பதில் சொல்லுங்கள்.

மாத்திரை அட்டை அல்பிரசோலம்தான். வாங்கி எடுத்து வைத்துவிட்டேன். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் போட்டிருக்கிறார். குறட்டையும் உண்டு, மூச்சு நின்று நின்று வருவதை இப்போதுதான் கவனித்தேன்.

டாக்டர் அம்மா, இன்னும் ஒன்று. ராத்திரி அவர் கை முறுக்கும்போது நான் என்ன செய்வது? உலுக்கி எழுப்பினால் ஒரு தடவை என் கையைத் தட்டிவிட்டார். அவருக்கே அழுகை வந்துவிட்டது. நடந்ததை என்னிடம் சொல்லச் சொல்லிக் கேட்கலாமா? சொன்னால் பாரம் குறையுமோ என்று.

---

ஓய்வு லோகோ, ஈரோடு

சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். வடுமாங்காய் இருந்தால் இரண்டாவது தடவையும் போட்டுக்கொள்கிறேன். சில நாள் முதல் வாயில் லேசாக ஒரு இது வரும், இல்லையென்று சொன்னால் பொய். அடுத்த வாய் இறங்கிவிடும்.

அவர் விருப்பப்பட்டால் இங்கேயே தனிச்செய்தி அனுப்பட்டும், என் நம்பர் தருகிறேன். ஓட்டினவன் ஓட்டினவனிடம் பேசுவது வேறு. ஆனால் நான் டாக்டருக்குப் பதில் இல்லை, அதையும் சொல்லிவிடுங்கள்.

---

அரசு மனநலப் பிரிவு டாக்டர்

உலுக்க வேண்டாம், தொடவும் வேண்டாம். எட்ட நின்று லைட்டைப் போட்டு, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "நீங்க வீட்டுல இருக்கீங்க, ஜோலார்பேட்டையில, நான் பக்கத்துல இருக்கேன்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். எழுந்ததும் பாதத்தைத் தரையில் வைக்கட்டும், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கட்டும். "என்ன கனவு?" என்று அப்போது கேட்காதீர்கள். கையைத் தட்டிவிட்டது தூக்கத்தில் நடந்தது, அதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று பகலில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

நீங்களாகக் கேட்டு வரவழைக்க வேண்டாம். ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையை முன்பு விபத்து நடந்த உடனே செய்துகொண்டிருந்தார்கள். பலன் தெரியவில்லை, சிலருக்கு மோசமானது, இப்போது பரிந்துரைப்பதில்லை. அவராக ஆரம்பித்தால் கேளுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கேயே விடுங்கள். மீதியை எந்த வேகத்தில் எடுப்பது என்பது சிகிச்சை அறையில் பார்க்க வேண்டிய வேலை.

மூச்சு நிற்பது முக்கியம். காது மூக்கு தொண்டை அல்லது நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டித் தூக்க ஆய்வுக்கு எழுதி வாங்குங்கள். இதை மனநல சிகிச்சை முடிந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகள் அந்த மூச்சுத் தடையை மோசமாக்கலாம், அதை எடுத்து வைத்தது நல்லது.

மனநல ஓ.பி.க்கு வரும்போது காலை எட்டு மணிக்கெல்லாம் சீட்டு போட்டுவிடுங்கள். ஈசிஜி, எக்கோ, எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், பிபி எழுதி வைத்த நோட்டு, அந்த அல்பிரசோலம் அட்டை உட்பட எல்லா மாத்திரையும் ஒரு பையில் வரட்டும். பல் டாக்டர் சீட்டு இருந்தால் அதையும் போடுங்கள். நீங்களும் கூட வாருங்கள், தூக்கத்தில் நடப்பதை அவரால் சொல்ல முடியாது.